புள்ளிச் சிறகைத் தேடியவர்

நுழையும்முன்

நோய்க்குக் காரணம் எது என்று அறியாதவரை, மருந்து இருந்தும் மனிதன் தோற்றுக்கொண்டே இருப்பான். மலேரியா என்னும் குளிர்காய்ச்சல் நூற்றாண்டுகள் பலவாக மக்களை வாட்டியது. அது எவ்வழியே உடலுக்குள் புகுகிறது என்பதை அறிந்தவர் எவருமிலர். அவ்வழியைக் கண்டறிந்தவர், சென்னை மாகாணப் படைப்பிரிவில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர். அவருடைய தேடலில் நம் நீலகிரி மலைச்சரிவுக்கும் ஓர் இடமுண்டு. தோல்விகளுக்கு நடுவே தொடர்ந்த அவ்வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் இளமையும்

1857 ஆம் ஆண்டு மே திங்கள் 10 ஆம் நாள் மீரட் நகரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்கு மூன்று நாள் கழித்து, இமயமலை அடுக்கிலுள்ள அல்மோரா என்னும் ஊரில் ரொனால்டு ராஸ் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேய இந்தியப் படையில் உயர் அலுவலர். பத்துக் குழந்தைகளுள் ராஸே மூத்தவர். எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

இளமையில் அவருடைய நெஞ்சம் நாடியவை கவிதையும் இசையும் ஓவியமும் கணக்குமே. மருத்துவத்தில் அவருக்கு நாட்டமில்லை. எனினும் மகன் மருத்துவராகி இந்திய மருத்துவப் பணியில் சேரவேண்டும் என்பது தந்தையின் உறுதியான விருப்பம். அதற்கு இணங்கி இலண்டனிலுள்ள புனித பர்த்தலோமியு மருத்துவமனைக் கல்லூரியில் சேர்ந்தார். பாடங்களைவிடப் பாடல் எழுதுவதிலேயே பொழுதைக் கழித்தார். விளைவு, தேர்வொன்றில் தோல்வி. சிறிது காலம் கப்பலில் மருத்துவராகப் பணியாற்றினார். பின்னர் முயன்று படித்துத் தேறி, 1881 ஆம் ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

தொட்டி நீரில் கண்ட உண்மை

தொடக்கக் காலத்தில் சென்னை, பெங்களூரு, பர்மா, அந்தமான் எனப் பல இடங்களில் அவர் பணியாற்றினார். 1883 ஆம் ஆண்டு பெங்களூருவில் அவர் தங்கியிருந்த வீட்டில் கொசுத்தொல்லை மிகுதியாக இருந்தது. சன்னலுக்கு வெளியே இருந்த நீர்த்தொட்டியை எட்டிப் பார்த்தபோது, அதில் நெளியும் புழுக்கள் நிறைந்திருந்தன. தொட்டியைக் கவிழ்த்தார். சில நாள்களில் அறையில் கொசுக்கள் குறைந்தன. எல்லாத் தொட்டிகளையும் அவ்வாறே கவிழ்க்கலாமே என்று படை அலுவலர் ஒருவரிடம் எடுத்துரைத்தார். இயற்கையின் ஒழுங்கில் தலையிடுதல் தகாது என்று அவர் மறுத்துவிட்டார்.

கொசு பிறக்குமிடம் தேங்கிய நீர் என்பதும், நீரை அகற்றினால் கொசு குறையும் என்பதும் அன்றே ராஸின் கண்முன் தெரிந்துவிட்டன. ஆனால் கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்புண்டு என்பதை அவரும் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. விடையின் ஒரு பாதி கையில் இருந்தது. வினா இன்னும் பிறக்கவில்லை.

அக்காலத்தில் மலேரியாவைப் பற்றி நிலவிய கருத்து வேறு. சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைத் தருவதாக மக்கள் நம்பினர். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். இந்நம்பிக்கையில் ஒரு பாதி உண்மை மறைந்திருந்தது. சதுப்பு நிலத்தருகே நோய் மிகுவது மெய்யே. காரணம் காற்றன்று, அங்கே பிறக்கும் கொசு என்பதே தெரியாமல் இருந்தது.

இரு முன்னோடிகள்

1880 ஆம் ஆண்டு, அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் படை மருத்துவர் லாவரன், மலேரியா நோயாளியின் குருதியில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். நோய்க்குக் காரணம் காற்றன்று, ஓர் உயிரி என்பது அதனால் புலப்பட்டது. அறிஞர் பலர் முதலில் அதனை ஏற்கவில்லை. ஏற்காதவருள் ராஸும் ஒருவர். இந்தியாவில் எத்தனையோ குருதித்துளிகளை ஆய்ந்தும் அவ்வொட்டுண்ணி அவர் கண்ணில் படவில்லை. ஆகவே அதனை மறுத்துக் கட்டுரைகளும் எழுதினார்.

1894 ஆம் ஆண்டு விடுப்பில் இலண்டன் சென்றபோது பாட்ரிக் மேன்சன் என்னும் மருத்துவரைச் சந்தித்தார். மேன்சன் சீனாவில் பணியாற்றியபோது, யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டறிந்தவர். அவர் நுண்ணோக்கியின்கீழ் லாவரனின் ஒட்டுண்ணியை ராஸுக்குக் காட்டினார். தாம் எழுதியவை பிழையென ராஸ் அக்கணமே உணர்ந்தார். பிழையை மறைக்க முயலாமல், மேன்சனின் மாணவராகவே மாறினார்.

மலேரியா ஒட்டுண்ணியும் கொசுவுக்குள்தான் வளரவேண்டும் என்பது மேன்சனின் ஊகம். ஆனால் அதன்பின் நடப்பதாக அவர் கருதியது வேறு. குருதி குடித்த கொசு நீரில் விழுந்து இறக்கிறது. அந்நீரைப் பருகும் மனிதனுக்கு நோய் வருகிறது. இதுவே அவருடைய எண்ணம். ஊகத்தின் முற்பகுதி சரி, பிற்பகுதி பிழை. எது சரி, எது பிழை என்று பிரித்தறியும் பொறுப்பு ராஸின் தோளில் விழுந்தது.

செகந்திராபாத்தில் வீணான நாள்கள்

1895 ஆம் ஆண்டு ராஸ் இந்தியா திரும்பிச் செகந்திராபாத்தில் படைமருத்துவப் பணியை ஏற்றார். அன்றாடக் கடமைகளை முடித்தபின் கிடைக்கும் நேரமே ஆய்வுக்குரிய நேரம். ஆய்வுக்கூடமோ, உதவித்தொகையோ, அரசின் ஊக்கமோ இல்லை. ஒரு நுண்ணோக்கியும் சில கண்ணாடிக் குடுவைகளுமே கருவிகள்.

அவர் கையாண்ட முறை எளியது. புழுக்களை நீரோடு கொண்டுவந்து வளர்த்துக் கொசுக்களாக்குவார். மலேரியா நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, அக்கொசுக்களைக் கடிக்கவிடுவார். கடித்த கொசு ஒவ்வொன்றுக்கும் நோயாளிக்கு ஓரணா கொடுப்பார். பின்னர் அக்கொசுக்களைச் சில நாள் உயிரோடு வைத்திருந்து, ஒவ்வொன்றாக அறுத்து உள்ளுறுப்புகளை நுண்ணோக்கியில் ஆராய்வார்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. கொசுவின் வயிறு ஊசிமுனையளவே உடையது. அதில் எதைத் தேடுவது, எங்கே தேடுவது, அது எவ்வடிவில் இருக்கும் என்று சொல்லித்தர ஒருவருமில்லை. வெயில் கொளுத்தும் அறையில் விசிறியும் போடுவதற்கில்லை. காற்றடித்தால் அறுத்து வைத்த கொசுக்கள் பறந்துபோய்விடும். நெற்றியிலிருந்தும் கையிலிருந்தும் வழிந்த வியர்வையால் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்தன. எஞ்சியிருந்த கண்ணருகு வில்லையும் விரிசல் கண்டது.

கொசு விழுந்து இறந்த நீரைச் சிலருக்குப் பருகக் கொடுத்தும் பார்த்தார். மேன்சனின் ஊகத்தை மெய்ப்பிக்கும் தெளிவான முடிவு கிடைக்கவில்லை. பணம் பெற்றுக்கொண்டு உடன்பட்டவர்களே ஆயினும், ஏழை மனிதரின் உடலில் இவ்வாறு சோதனை செய்வதை இன்றைய மருத்துவ அறம் ஏற்காது. அறிவியல் வரலாற்றைப் படிக்கும்போது வெற்றியை மட்டுமன்றி, அதற்கு யார் விலை கொடுத்தார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நூற்றுக்கணக்கான கொசுக்களை அறுத்தும் பயனில்லை. காரணத்தை நாம் இன்று அறிவோம். அவர் அதுவரை ஆய்ந்தவை சாம்பல்நிறக் கொசுக்களும் வரியுடல் கொசுக்களுமே. இன்று அவற்றைக் கியூலெக்ஸ், ஏடிஸ் என்று அழைக்கிறோம். மனித மலேரியா ஒட்டுண்ணி அவற்றின் உடலில் வளர்வதில்லை. முறை சரியாக இருந்தும் கொசு தவறாக இருந்தது.

நீலகிரிச் சரிவில் ஒரு குறிப்பு

செகந்திராபாத் ஆய்வுகளுக்கிடையே, விடுப்புப் பெற்று ராஸ் உதகமண்டலத்துக்கு வந்தார். உதகையின் குளிரில் மலேரியா இல்லை. ஆனால் மலையிலிருந்து சீகூருக்கு இறங்கும் சரிவிலிருந்த தோட்டங்களில் நோய் கடுமையாக இருந்தது. அவ்விடத்தை ஆராயச் சென்றவர் சில நாள்களில் தாமே மலேரியாவால் படுத்தார். தேடிச் சென்ற பகை தேடியவரையே தீண்டியது.

அப்பயணம் வீண்போகவில்லை. சீகூர்ப் பகுதியில் அதுவரை கூர்ந்து நோக்காத ஒருவகைக் கொசுவை அவர் கண்டார். சிறகுகளில் புள்ளிகள் இருந்தன. மற்றக் கொசுக்கள் சுவருக்கு இணையாக உடலைத் தாழ்த்தி அமரும். இதுவோ வாலைத் தூக்கிச் சாய்வாக அமர்ந்திருந்தது. இன்று அனாபிலிஸ் என நாம் அறியும் இனம் அது. பெயர் தெரியாத ராஸ், புள்ளிச் சிறகுக் கொசு என்றே அதனைக் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்டு 20

செகந்திராபாத் திரும்பியபின், 1897 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உதவியாளர் ஒருவர் கொணர்ந்த புழுக்களிலிருந்து புள்ளிச் சிறகுக் கொசுக்கள் சில வெளிவந்தன. 16 ஆம் நாள் உசேன் கான் என்னும் மலேரியா நோயாளியை அவை கடித்தன. அடுத்தடுத்த நாள்களில் சில இறந்தன. சிலவற்றை ராஸ் அறுத்துப் பார்த்தார். ஒன்றும் தென்படவில்லை.

20 ஆம் நாள் எஞ்சியவை மிகச் சிலவே. களைப்போடு ஒரு கொசுவை அறுத்து, அதன் வயிற்றுச் சுவரைச் சிறிது சிறிதாக ஆராய்ந்து வந்தார். தேடல் முடியும் தறுவாயில், தெளிவான வட்ட வடிவுடைய உயிரணு ஒன்று தென்பட்டது. கொசுவின் வயிற்றில் அத்தகைய அணு இருக்கக் காரணமில்லை. உற்று நோக்கினார். அதனுள்ளே கருநிறத் துகள்கள் இருந்தன. நோயாளியின் குருதியிலுள்ள மலேரியா ஒட்டுண்ணியிலும் அதே கருநிறத் துகள்களையே அவர் கண்டிருந்தார்.

ஆயினும் அவர் உடனே முடிவுக்கு வந்துவிடவில்லை. அவ்வணுக்கள் ஒட்டுண்ணியே என்றால் நாளுக்கு நாள் வளரவேண்டும் அல்லவா? மறுநாள் எஞ்சியிருந்த கொசுவை அறுத்தார். அதிலும் அதே அணுக்கள். முந்தைய நாளினும் பெரியவை. ஒட்டுண்ணி கொசுவுக்குள் வாழ்கிறது, வளர்கிறது என்பது உறுதியாயிற்று. நெஞ்சம் நிறைந்த அவர் அம்மகிழ்ச்சியைக் கவிதையாக எழுதி வைத்தார். இளமையில் தந்தையின் சொல்லுக்காக ஒதுக்கிய கவிதை, வாழ்வின் உச்சியில் அவரிடம் திரும்பி வந்தது. அவருடைய ஆய்வுக்குறிப்பு அவ்வாண்டு திசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று.

தெரிந்து தெளிவோம்

ஆகஸ்டு 20 ஆம் நாள் உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ராஸ் ஆய்வு நடத்திய கட்டடம் ஐதராபாத்தை அடுத்த பேகம்பேட்டையில் இன்றும் உள்ளது.

இடமாற்றமும் பறவைகளும்

விடையின் வாயில் திறந்த வேளையில் இடமாற்ற ஆணை வந்தது. இராசபுதனத்திலுள்ள கெர்வாரா என்னும் ஊருக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே மலேரியா மிகக் குறைவு. ஆய்வு தடைப்பட்டது. மேன்சன் இலண்டனில் இருந்தவாறே அதிகாரிகளிடம் பரிந்துரைத்ததன் பயனாக, 1898 ஆம் ஆண்டு தொடக்கத்தில் கல்கத்தாவில் ஆய்வுப்பணி கிடைத்தது.

அங்கும் இடையூறு காத்திருந்தது. பிளேக் நோய்த் தடுப்பூசியைக் கண்டு மக்கள் அஞ்சிய காலம் அது. விரலில் ஊசி குத்திக் குருதி எடுக்க எவரும் உடன்படவில்லை. மனிதர் கிடைக்காதபோது ராஸ் பறவைகளை நாடினார். வானம்பாடி, சிட்டுக்குருவி முதலிய பறவைகளுக்கும் மலேரியா உண்டு. அதனைப் பரப்புவது சாம்பல்நிறக் கியூலெக்ஸ் கொசு. செகந்திராபாத்தில் அவரை ஏமாற்றிய அதே கொசு, கல்கத்தாவில் அவருக்குத் துணையாயிற்று. முகமது பக்ஷ், கிஷோரி மோகன் பந்தோபாத்யாய் ஆகிய இந்திய உதவியாளர்களின் உழைப்பும் அவருக்குக் கைகொடுத்தது.

நோயுற்ற பறவையைக் கடித்த கொசுக்களை நாள்தோறும் அறுத்து, ஒட்டுண்ணி செல்லும் வழியைப் பின்தொடர்ந்தார். வயிற்றுச் சுவரிலுள்ள அணுக்கள் பருத்து வெடிக்கின்றன. கதிர்போன்ற நுண்ணுயிரிகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்து கொசுவின் உடலெங்கும் பரவுகின்றன. அவை எங்கே சென்று சேர்கின்றன? 1898 ஆம் ஆண்டு சூலைத் திங்களில் விடை கிடைத்தது. கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அவை குவிந்திருந்தன.

இதன் பொருள் தெளிவு. நோய் நீர்வழியே வருவதன்று. கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீர்வழியே குருதியில் சேர்வது. இதனை மெய்ப்பிக்க, நோய்கொண்ட கொசுக்களை நலமான குருவிகளைக் கடிக்கவிட்டார். சில நாள்களில் அவற்றுள் பெரும்பாலானவற்றின் குருதியில் ஒட்டுண்ணி தோன்றியது. மேன்சனின் ஊகத்தில் இருந்த பிழை திருந்தியது. அச்செய்தியை எடின்பரோவில் கூடிய மருத்துவர் அவையில் மகிழ்வோடு அறிவித்தவரும் மேன்சனே.

புகழும் பூசலும்

மனிதரிடத்தும் இதனை மெய்ப்பிக்க ராஸ் விழைந்தார். ஆனால் காலா அசார் என்னும் வேறொரு காய்ச்சலை ஆராயுமாறு அரசு பணித்தது. இதற்கிடையில் இத்தாலி நாட்டு அறிஞர் கிராசியும் அவர்தம் குழுவினரும், மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் கொசுவே என்று 1898 ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவினர்.

யார் முதல்வர் என்னும் பூசல் எழுந்தது. 1902 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ராஸ் ஒருவருக்கே வழங்கப்பட்டது. இந்திய மண்ணில் பிறந்தவருள் நோபல் பரிசு பெற்ற முதல்வர் அவரே. ஆயினும் பூசல் ஓயவில்லை. கிராசியைப் பற்றி ராஸ் எழுதியவை கடுமையானவை. அவரிடம் பணிந்து பாராட்டும் பண்பு குறைவாகவே இருந்தது. ஓர் உண்மையைப் பலர் பல திசைகளிலிருந்து நெருங்குவதே அறிவியலின் இயல்பு. லாவரனும் மேன்சனும் ராஸும் கிராசியும் ஏந்திய விளக்குகள் சேர்ந்தே இருளை அகற்றின.

கொசுவை எதிர்த்த போர்

1899 ஆம் ஆண்டு இந்தியப் பணியிலிருந்து விலகிய ராஸ், லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். கண்டறிந்த உண்மை மக்களுக்குப் பயன்படவேண்டும் என்பதே அதன்பின் அவருடைய கவலை. மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோனுக்கும், சூயசுக் கால்வாய்க் கரையிலுள்ள இசுமாயிலியா நகருக்கும், மொரீசியசுத் தீவுக்கும் சென்று கொசு ஒழிப்பு முறைகளை வகுத்தார்.

பெங்களூருவில் தொட்டியைக் கவிழ்த்த அதே செயலே இப்போது நகரளவில் விரிந்தது. குட்டைகளைத் தூர்த்தல், வடிகால் அமைத்தல், நீர்க்கலங்களை மூடுதல், வடிக்க இயலாத நீரில் எண்ணெய் தெளித்தல் ஆகியவை மேற்கொள்ளப்பட்டன. இசுமாயிலியாவில் சில ஆண்டுகளிலேயே மலேரியா பெரிதும் தணிந்தது. பனாமாக் கால்வாய் வெட்டும் பணியிலும் கொசு ஒழிப்பே தொழிலாளர் பலரின் உயிரைக் காத்தது.

உலகிலுள்ள கொசுக்களையெல்லாம் ஒழிக்க முடியுமா, முடியாதெனில் இம்முயற்சி வீணன்றோ என்று பலர் ஏளனம் செய்தனர். ராஸ் இளமையில் விரும்பிக் கற்ற கணக்கு இங்கே கைகொடுத்தது. எல்லாக் கொசுக்களையும் ஒழிக்கவேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தாலே போதும் என்று கணக்கின் துணையால் அவர் நிறுவினார். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கொசுக்கள் குறைந்ததால் 100 நோயாளிகளிடமிருந்து 80 பேருக்கே நோய் பரவுகிறது எனக் கொள்வோம். அடுத்த சுற்றில் 64, அதற்கடுத்து 51 என எண்ணிக்கை தேய்ந்துகொண்டே செல்லும். கொசு இன்னும் இருக்கும், நோய் இல்லாமற்போகும். தொற்றுநோய்ப் பரவலைக் கணக்கால் அளந்தறியும் இன்றைய துறைக்கு வழிகாட்டியவருள் ராஸ் குறிப்பிடத்தக்கவர்.

இறுதிக் காலம்

1911 ஆம் ஆண்டு அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. எனினும் இறுதிக் காலம் இனிமையாக அமையவில்லை. முதல் உலகப்போரின் தொடக்கத்திலேயே, 1914 இல், மூத்த மகனைப் போர்க்களத்தில் இழந்தார். தம் கண்டுபிடிப்புக்கு அரசு உரிய பொருளுதவி வழங்கவில்லை என்ற மனக்குறை நீண்டநாள் அவரை விட்டு நீங்கவில்லை. 1926 ஆம் ஆண்டு அவர் பெயரால் இலண்டனில் ஆய்வு நிறுவனமும் மருத்துவமனையும் தொடங்கப்பட்டன. 1927 ஆம் ஆண்டு கல்கத்தா வந்து, தாம் பணியாற்றிய மருத்துவமனை மதிலில் அமைக்கப்பட்ட நினைவு வாயிலைத் தாமே திறந்து வைத்தார். 1932 ஆம் ஆண்டு செப்டம்பர் 16 ஆம் நாள் இலண்டனில் மறைந்தார்.

இன்றும் உலகில் ஆண்டுதோறும் மலேரியாவால் இலட்சக்கணக்கானோர் இறக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சிறு குழந்தைகள். மருந்துகளை ஒட்டுண்ணியும், பூச்சிக்கொல்லிகளைக் கொசுவும் எதிர்த்து வாழப் பழகிவருகின்றன. நகரங்களில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் பெருகும் அனாபிலிஸ் இனமும் உண்டு. முட்டையிலிருந்து கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் தேவை. ஆகவே வாரம் ஒருமுறை நீர்க்கலங்களை வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவினால் கொசுவின் வளர்ச்சி இடையிலேயே அறுபடும். துருப்பிடித்த நுண்ணோக்கியின்வழி ஒரு மனிதர் அரும்பாடுபட்டுக் கண்ட உண்மை, நம் வீட்டுக் கொல்லையிலுள்ள தொட்டியைக் கவிழ்ப்பதில் நிறைவு பெறுகிறது.

கற்பவை கற்றபின்

1. ராஸின் ஆய்வில் தோல்வியாகத் தோன்றியவை பின்னர் எவ்வாறு பயன்பட்டன? இரு சான்றுகள் காட்டி வகுப்பில் பேசுக.

2. அனாபிலிஸ் கொசு அமரும் முறைக்கும் பிற கொசுக்கள் அமரும் முறைக்கும் உள்ள வேறுபாட்டைப் படம் வரைந்து விளக்குக.

3. உம் பள்ளி வளாகத்தில் நீர் தேங்கும் இடங்களைக் கண்டறிந்து பட்டியலிடுக. அவற்றைச் சீர்செய்யுமாறு ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலருக்கு வேண்டுகோள் கடிதம் எழுதுக.

4. அறிவியல் கண்டுபிடிப்பின் பெருமை ஒருவருக்கே உரியதா, பலருக்கும் உரியதா என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.